ஊசி போட்ட பன்னியே செத்துச்சு! ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியில என்னதான் சிக்கல்?

வணக்கம் மக்களே! 2022 ஜூன்ல வியட்நாம் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்துச்சு, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி வந்துருச்சுன்னு ஒரே கொண்டாட்டம். ஆகஸ்ட்ல பார்த்தா ஊசி போட்ட பன்னிங்க நூத்துக்கணக்குல செத்து விழுது, ஊசியை நிறுத்தி வச்சுட்டாங்க. உசிலம்பட்டி, மேலூர் பக்கம் வெண்பன்றி வளர்க்குற அண்ணன்மாரே, அக்காமாரே, கடைசி வரைக்கும் பாருங்க.

பன்னியைக் கொல்லுற இந்த வைரஸ் நோய் எங்கெங்க தலைகாட்டுச்சுன்னு ஒரே மூச்சுல: 1921-ல கென்யா, 2007-ல ஜார்ஜியா, 2018-ல சீனா, 2020-ல அசாம், 2022-ல வயநாடு, 2023-ல முதுமலைக் காட்டுப்பன்னி. மனுசனுக்கு ஒட்டாது.

இப்ப மெயின் மேட்டர். கொரோனாவோட மரபணு எழுத்து சுமார் 30 ஆயிரம், இந்தப் பன்றிக் காய்ச்சல் வைரஸுக்கு 1.7 லட்சத்துக்கு மேல, புரோட்டீன் மட்டும் 150-ஐ தாண்டும், இதுல எதை ஊசில வச்சு 'இதான் எதிரி'ன்னு உடம்புக்குக் காட்டிக்கொடுக்குறது சொல்லுங்க? அதைவிடக் கொடுமை, இது போய் உக்கார்றது மேக்ரோஃபேஜ்ங்குற செல்லுல, கிருமியைப் புடிச்சு முழுங்குறதுதான் அந்த செல்லோட வேலையே! அலங்காநல்லூர்ல ஒருத்தன் பாஞ்சு திமிலைக் கட்டிப்புடிக்கிறான், மாடு அவன் உடம்புக்குள்ளயே தொழுவம் போட்டு நூறு மாடா வெளிய வருதுன்னு வைங்க, அதேதான் இங்க நடக்குது!

செத்த வைரஸை வச்சு செஞ்ச ஊசி பலிக்கல. 1960கள்ல போர்ச்சுகல்ல வீரியம் குறைச்ச உயிருள்ள வைரஸைப் போட்டாங்க, நிமோனியா, கருச்சிதைவுன்னு பன்னிங்க படாதபாடு பட்டுச்சு. அப்புறம் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிங்க ஐ177எல்னு ஒரே ஒரு மரபணுவைத் தூக்குனாங்க பாருங்க, வைரஸோட வெறியே அடங்கிப்போச்சு, அதைப் போட்ட பன்னி நிஜ வைரஸையே தாங்கிருச்சு, 2020-ல வந்த இந்த ஆராய்ச்சியைப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. வியட்நாம் ஊசி இதுலருந்து வந்ததுதான். ஆனா உயிருள்ள வைரஸாச்சே, பன்னிக்குப் பன்னி தாவுறப்ப பழைய வெறி திரும்பிருமோங்குற பயம் இருக்கு. 2023 ஜூலைல கறிக்கு வளர்க்குற பன்னிக்கு மட்டும்னு வியட்நாம் முழுக்க அனுமதிச்சாங்க. என்னையக் கேட்டா, இதுல அவசரமே ஆகாது.

நம்ம ஊர்ல டாக்டர் போடுற பன்றிக் காய்ச்சல் ஊசி வேற நோய்க்கு, அதைப் போட்டாச்சு இனி பயமில்லைன்னு இருந்துராதீங்க. எவனாவது வெளிநாட்டு ஊசின்னு கள்ளத்தனமா கொண்டாந்தா கிட்டயே சேர்க்காதீங்க. பன்னிக்குத் தீனியாப் போடுற ஹோட்டல் மிச்சத்துல கெடக்குற பன்னிக்கறி வழியாவும் இது பரவும், அதனால அதைக் கிளறிக்கிட்டே 90 டிகிரி சூட்டுல ஒரு மணி நேரம் வேக வச்சுப் போடுங்க. வெறகு செலவு ஜாஸ்திதான், தெரியும். நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க? கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோல அதைப் பத்தியே பேசுவோம்.