துபாயில் வேலை, இந்திய பாஸ்போர்ட், ஐரோப்பியப் பயணம்: ஷெங்கன் விசாவுக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

[திரையில்: ஒரு மேசை. அதன் மேல் இந்திய பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி அட்டை, ஒரு நாட்காட்டி.]

வணக்கம். திருச்சியில் பிறந்து, இந்திய பாஸ்போர்ட்டுடன் துபாயில் கணக்காளராக வேலை பார்க்கும் ஒருவர், பாரிஸில் குடியிருக்கும் தம் அக்காவை ஆகஸ்ட் மாதத்தில் பார்த்துவிட்டு வர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியரான அவர் சென்னைக்கு வந்து விண்ணப்பிக்க வேண்டுமா, துபாயிலேயே விண்ணப்பிக்கலாமா, துபாயில் விண்ணப்பித்தால் அங்கே குடிமகனாக இல்லாத அவரிடம் கூடுதலாக என்ன கேட்பார்கள் என்பதுதான் இந்த வீடியோவின் பொருள். உதாரணம் துபாயைப் பற்றியது என்றாலும், மஸ்கட்டிலோ தோஹாவிலோ சிங்கப்பூரிலோ குடியிருப்பு அனுமதியில் வாழ்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், ஏனென்றால் ஷெங்கன் பகுதிக்கான, அதாவது ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கான, குறுகிய கால விசாவின் அடிப்படை விதிகள் 2009ஆம் ஆண்டின் 810ஆம் எண் கொண்ட ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறையில், அதாவது விசா விதித்தொகுப்பில், எல்லா ஊருக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டுள்ளன.

முதல் கேள்விக்கு அந்தத் தொகுப்பின் ஆறாவது பிரிவு நேராகப் பதில் சொல்கிறது. விண்ணப்பதாரர் சட்டப்படி எங்கே வசிக்கிறாரோ அந்தப் பகுதிக்குப் பொறுப்பான தூதரகமே அவருடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இங்கே இரண்டாம் பட்சம். ஆகவே நம் கணக்காளர் விண்ணப்பிக்க வேண்டிய இடம் துபாய்தான். ஊருக்கு விடுமுறையில் வந்த இடத்தில், நேரம் கிடைக்கிறதே என்று சென்னையில் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அதே பிரிவின் அடுத்த உட்பிரிவையும் படித்துப் பார்ப்பது நல்லது. சட்டப்படி தங்கியிருந்தாலும் குடியிருக்காத ஒரு நாட்டில் விண்ணப்பிப்பவர், ஏன் அங்கே விண்ணப்பிக்கிறார் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. விடுமுறையில் இருக்கிறேன் என்பது மட்டும் அத்தகைய காரணமாக எடுத்துக்கொள்ளப்படும் என்று நம்பிப் போகாதீர்கள். இதே விதி மறுபக்கமும் வெட்டும். விசிட் விசாவில் துபாய்க்கு வந்து வேலை தேடிக்கொண்டிருப்பவர் அங்கே வசிப்பவர் ஆகமாட்டார்.

எந்த நாட்டின் தூதரகம் என்பதும் விதிப்படி முடிவாகிற விஷயமே தவிர, நம் வசதிப்படி முடிவாகிற விஷயமல்ல. இன்று ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருக்கின்றன. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக இணைந்துவிட்டன. பயணத்தில் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ, அல்லது எந்த நாடு பயணத்தின் முதன்மை நோக்கமோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாதபோது மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். கோடைக்காலத்தில் பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்பதற்காக, ஸ்லாட் எளிதாகக் கிடைக்கும் இன்னொரு நாட்டுக்கு ஹோட்டல் முன்பதிவைக் காட்டி விசா வாங்கிக்கொண்டு, பிறகு முழு நாளையும் பாரிஸில் கழிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் எல்லா நிறுவனங்களிலும் ஒருவராவது இருப்பார். எல்லையில் நிற்கும் அதிகாரி பயணத் திட்டத்தைக் கேட்கலாம், அடுத்த விண்ணப்பத்தில் பழைய பயணமும் பார்க்கப்படும். அந்த யோசனையைச் சொன்னவரிடமே விட்டுவிடுங்கள்.

[திரையில்: எமிரேட்ஸ் ஐடி அட்டை பெரிதாகிறது. காலாவதித் தேதி வட்டமிடப்படுகிறது.]

இனி, வெளிநாட்டில் வசிப்பவருடைய விண்ணப்பத்தில் மட்டும் எழும் கேள்விக்கு வருவோம். தூதரக அதிகாரி பார்ப்பது, விசா முடிவதற்குள் இவர் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறுவாரா என்பதை. வெளியேறுவார் என்று நம்புவதற்கு விதித்தொகுப்பின் இணைப்பில் தரப்பட்டுள்ள சான்றுகளில் வேலை, வருமானம், குடும்பம் ஆகியவை உண்டு. அவை விண்ணப்பதாரர் வசிக்கும் நாட்டோடு அவரைக் கட்டிவைத்திருப்பவையா என்பதே அங்கே கேள்வி. நம் ஆட்களில் பலர் தஞ்சாவூரில் உள்ள நிலத்தின் பட்டா நகலையும், ஊரில் கட்டிய வீட்டின் வரி ரசீதையும் மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை குத்தி, கனமான கோப்பாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவற்றைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால், துபாயில் விண்ணப்பிக்கும் ஒருவர் திரும்பி வரப்போவது துபாய்க்கு. அந்தத் திரும்புதலுக்குப் பட்டா சாட்சி சொல்லாது, வேலையும் குடியிருப்பு அனுமதியும்தான் சொல்லும். அந்த அனுமதியோ ஒரு கெடு வைத்த அனுமதி, வேலை போனால் அதுவும் போய்விடும் என்பது அதிகாரிக்கும் தெரியும். உள்ளூர்க் குடிமகனிடம் கேட்காத கேள்விகளை நம்மிடம் கேட்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்பு எமிரேட்ஸ் ஐடியின், அதாவது அமீரகத்தில் குடியிருப்பவருக்குத் தரப்படும் அடையாள அட்டையின், தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை விதி பரவலாகத் தெரிந்ததே: கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனிலிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அமீரகத்தில் விண்ணப்பிப்பவர்களிடம் இதே மூன்று மாதக் கணக்கு குடியிருப்பு அனுமதிக்கும் கேட்கப்படுகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நம் கணக்காளர் ஆகஸ்ட் 5 அன்று போய் 16 அன்று திரும்புகிறார். அவருடைய அட்டை நவம்பர் 12 அன்று காலாவதியாகிறது. ஆகஸ்ட் 16இலிருந்து மூன்று மாதம் எண்ணினால் நவம்பர் 16; நான்கு நாள் போதவில்லை. இப்படிச் சில நாட்கள் குறைந்ததற்காக நானே ஒருமுறை கவுன்டரிலிருந்து கோப்போடு திரும்பி வந்திருக்கிறேன். அன்று நான் எண்ணியது போகும் தேதியிலிருந்து. எண்ண வேண்டியதோ திரும்பும் தேதியிலிருந்து. இந்த நிலையில் அனுமதியை முதலில் புதுப்பித்துக்கொண்டு, புதிய அட்டையோடு விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. விசா விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நிறுவனம் மாறுவதையும் தள்ளிப்போடுங்கள். பழைய அனுமதி ரத்தாகிவிட்டால் விண்ணப்பத்தில் எழுதியது எதுவும் உண்மையாக இருக்காது.

[திரையில்: நிறுவனத்தின் கடிதம் ஒன்றும் வங்கிக் கணக்கு அறிக்கையும் பக்கம் பக்கமாக.]

அடுத்தது நிறுவனத்தின் கடிதம். வளைகுடாவில் இதை என்ஓசி என்றே சொல்கிறார்கள். "இவருக்கு விசா வழங்கினால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்ற ஒற்றை வரியுடன் வரும் கடிதம் அதிகாரிக்கு ஒன்றையும் சொல்வதில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், பதவி, வேலையில் சேர்ந்த தேதி, மாதச் சம்பளம், விடுப்பு அனுமதிக்கப்பட்ட நாட்கள், விடுப்பு முடிந்து மீண்டும் வேலையில் சேர்வார் என்ற உறுதி ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதிலும் சம்பளத் தொகை வங்கி அறிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். கடிதத்தில் 6,500 திர்ஹாம் என்று இருக்க, கணக்கில் மாதந்தோறும் 5,700 மட்டுமே ஏறியிருந்தால், மீதி 800 எங்கே என்று யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். தங்களுக்குத் தோன்றியபடி முடிவெடுப்பார்கள். முன்பணப் பிடித்தமோ வேறு காரணமோ இருந்தால், அதைக் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதித் தரும்படி மனிதவளப் பிரிவில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பு அறை நண்பரிடம் வாங்கிய பத்தாயிரம் திர்ஹாமைக் கணக்கில் போட்டு இருப்பைக் கூட்டிக் காட்டும் பழக்கமும் உண்டு. மாதச் சம்பளம் வந்த அன்றே ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுச் சில நூறு திர்ஹாமோடு மாதத்தை ஓட்டும் கணக்கில், திடீரென்று முளைக்கும் பெருந்தொகை எந்தக் கண்ணுக்கும் தட்டுப்படும். பிரான்ஸ் எதிர்பார்க்கும் தொகை வெளிப்படையானது: ஹோட்டல் முன்பதிவு இருந்தால் நாளொன்றுக்கு 65 யூரோ, தங்குமிடச் சான்று எதுவும் இல்லையென்றால் 120 யூரோ, உறவினர் வீட்டில் தங்குவதற்கு முறையான சான்று இருந்தால் 32.50 யூரோ. நம்மவர் அக்கா வீட்டில் தங்குகிறார். அதற்கு அக்கா தம் பகுதி நகராட்சி அலுவலகமான மேரியில் விண்ணப்பித்து, அத்தெஸ்தாசியோன் தக்கேய் எனப்படும் விருந்தோம்பல் சான்றைப் பெற்று, அதன் மூலப்பிரதியைக் கூரியரில் துபாய்க்கு அனுப்ப வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம் இதற்கு ஈடாகாது. இந்தச் சான்று கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், எல்லா வேலையிலும் முதல் வேலையாக அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம்.

படிவத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது, அது பெயர். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் சிலருக்குக் காலியாக இருக்கும், சிலருக்கு அங்கே அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு முதலெழுத்து விரிந்து ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். எமிரேட்ஸ் ஐடியில் அதே பெயர் வேறு வரிசையில் அச்சாகியிருக்கும், வங்கியிலோ முதலெழுத்து மட்டும் இருக்கும். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். நிறுவனக் கடிதம், காப்பீடு, பயண முன்பதிவு ஆகியவற்றையும் அந்தப் பெயரிலேயே வாங்குங்கள். அதே படிவத்தில், குடியுரிமை உள்ள நாடு அல்லாத வேறு நாட்டில் வசிக்கிறீர்களா என்று கேட்டு, அனுமதி எண்ணையும் அது செல்லுபடியாகும் தேதியையும் கோரும் கட்டம் ஒன்று உண்டு. அதை வெறுமையாக விடக் கூடாது. வீட்டு முகவரி என்ற இடத்தில் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஊர் முகவரியை எழுதக் கூடாது. இப்போது குடியிருக்கும் துபாய் முகவரியை எழுத வேண்டும். பெட் ஸ்பேஸில், அதாவது பலர் பகிரும் அறையில் ஒரு கட்டிலில், தங்கியிருப்பவருக்குத் தம் பெயரில் எஜாரி எனப்படும் பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம் இருக்காது என்பதால், நிறுவனம் தந்த தங்குமிடமாக இருந்தால் அதையும் என்ஓசி கடிதத்தில் குறிப்பிடச் சொல்லலாம்.

மனைவி கணவருடைய ஸ்பான்சரில் இருந்தால், திருமணச் சான்றும், செலவை ஏற்கும் கணவரின் வேலை, வங்கி ஆவணங்களும் மனைவியின் கோப்பில் தனியாக இருக்க வேண்டும். சிறுவர்களின் படிவத்தில் பெற்றோரின் கையெழுத்து தேவை.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் நாட்கள் அத்தனைக்கும் இருக்க வேண்டும். நிறுவனம் தந்த துபாய்க் காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லும் என்று எண்ண வேண்டாம். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்கும் கீழ் இலவசம். அதை திர்ஹாமில் வாங்குவார்கள், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. விமான டிக்கெட்டை முன்பதிவாகக் காட்டினால் போதும், விசா வருமுன் முழுப் பணம் கட்டி வாங்க வேண்டியதில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குள் என்று நெருக்கிக்கொண்டு போகக் கூடாது. முடிவுக்கு வழக்கமான கால அளவு 15 நாட்கள், தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை நீளும். அந்த நாட்களில் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்காது. ஊரில் வயதான பெற்றோரை வைத்திருப்பவர்கள் இதையும் மனத்தில் வைத்துத் தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சில நிறுவனங்கள் ஊழியர்களின் பாஸ்போர்ட்டைத் தாங்களே வாங்கி வைத்துக்கொள்கின்றன, அமீரகத்தில் அதற்கு அனுமதி கிடையாது என்றபோதிலும். அப்படியென்றால் அதைக் கேட்டு வாங்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: இரண்டு நாட்காட்டிகள். ஒன்றில் "இந்தியாவில் வசிப்பவர்", மற்றொன்றில் "இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர்".]

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தியர்களுக்கு இனி இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு பன்முறை விசா கிடைக்கும் என்ற அந்தச் செய்தி பொய்யல்ல. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் எடுத்த முடிவு அது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு விசா வழங்கலாம் என்கிறது அந்த முடிவு. ஆனால், அது இந்தியாவில் வசித்து, இந்தியாவிலேயே விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு உரியது. துபாயிலிருந்து விண்ணப்பிப்பவருக்குப் பொது விதிதான்: முந்தைய இரண்டு ஆண்டுகளில் மூன்று விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு ஓராண்டு விசா, அதிலிருந்து இரண்டு ஆண்டு, அதன்பின் ஐந்து ஆண்டு. ஒரே பாஸ்போர்ட், ஒரே பயண வரலாறு, குடியிருக்கும் ஊர் மட்டும் வேறு. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விசா மறுக்கப்பட்டால், காரணம் குறியிடப்பட்ட ஓர் அச்சுப் படிவம் கையில் கிடைக்கும். வெளியேறும் எண்ணம் குறித்து நியாயமான ஐயம் உள்ளது என்ற கட்டத்தில் குறி இருந்தால், மறுத்த நாட்டின் சட்டப்படி மேல்முறையீடு செய்யலாம்; அல்லது கடிதத்திலும் கணக்கிலும் இருந்த ஓட்டையை அடைத்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம். மறுப்பை மறைத்து வேறொரு ஷெங்கன் நாட்டிடம் போவதில் பயனில்லை, ஏனென்றால் எல்லா நாடுகளும் ஒரே விசா தகவல் தொகுப்பைப் பார்க்கின்றன.

கிடைத்துவிட்டால், பாஸ்போர்ட்டை வாங்கிய இடத்திலேயே ஒட்டுவில்லையை ஒருமுறை படித்துப் பாருங்கள். செல்லுபடியாகும் தேதிகள் வேறு, தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை வேறு. வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே தங்கிய நாட்களாக எண்ணப்படும். ஆகஸ்ட் 5 முதல் 16 வரை என்றால் பன்னிரண்டு நாட்கள்.

[திரையில்: விமான நிலையத்தின் செக்இன் கவுன்டர். ஒரு கை பாஸ்போர்ட்டோடு அட்டையையும் நீட்டுகிறது.]

கிளம்பும்போது எமிரேட்ஸ் ஐடியை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு அமீரகம் குடியிருப்பு விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. பாரிஸிலிருந்து திரும்பும் நாளில், ரிட்டர்ன் டிக்கெட்டோடு கவுன்டரில் நிற்கும் இந்தியப் பயணியிடம், துபாய்க்குள் நுழைய உங்களுக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று விமான நிறுவன ஊழியர் கேட்பார். அப்போது பாஸ்போர்ட்டைப் புரட்டிக் காட்ட அதில் ஒன்றும் இருக்காது. அந்த அட்டையைத்தான் எடுத்து நீட்ட வேண்டும்.