உளுந்தம்பருப்புக்கு 500 ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம்.

அரண்மனைச் சமையல் என்றதும் குங்குமப்பூவும் பாதாமும் வெள்ளித்தாளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. லக்னோவில் இவற்றுக்குக் குறைவே இருந்ததில்லை. ஆனாலும் லக்னோ இருக்கும் அவத் நாட்டை ஆண்ட நவாபுகளின் சமையலைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் பருப்பில்தான் தொடங்குவேன். நாம் இட்லிக்கு அரைக்கிறோமே, அந்த உளுந்தம்பருப்பு!

அவத்தின் தலைநகரை 1775இல் ஃபைசாபாத்திலிருந்து லக்னோவுக்கு மாற்றியவர் நவாப் ஆஸஃப் உத் தௌலா. அவரிடம் ஒரு சமையல்காரர் வேலை கேட்டு வந்தாராம். "என்ன சமைப்பீர்?" "உளுந்தம்பருப்பு." "வேறு?" "வேறொன்றும் இல்லை." கேட்ட சம்பளமோ மாதம் 500 ரூபாய். அந்தக் காலத்து 500 ரூபாய் என்பதைக் கவனியுங்கள். நிபந்தனைகள் வேறு. பருப்பு வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தயார் என்றதும் நவாப் உடனே வந்து உட்கார வேண்டும்.

நவாப் சம்மதித்தார். சில மாதங்கள் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் பருப்புக்கு உத்தரவு வந்தது. சமைத்து, விரிப்பு விரித்து, சொல்லி அனுப்பினார். நவாப் பேச்சு சுவாரசியத்தில் இருந்தார். இரண்டாம் முறை ஆள் போனது. மூன்றாம் முறையும் போனது. அவர் வரவில்லை. சமையல்காரர் பாத்திரத்தைத் தூக்கிப்போய்ப் பட்டுப்போன ஒரு மரத்தின் வேரில் பருப்பைக் கொட்டிவிட்டு, சம்பளமும் வேண்டாம், நவாபும் வேண்டாம் என்று நடையைக் கட்டினார். தேடியும் ஆள் அகப்படவில்லை. கொஞ்ச நாளில் அந்த மரம் துளிர்த்தது என்பார்கள்.

மரம் துளிர்த்ததை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். நான் நம்புவது அந்தக் கோபத்தை. நவாபையே நேரத்துக்கு வரச்சொல்லும் துணிவு ஒரு சமையல்காரருக்கு இருந்ததே, அந்த அரசவையின் பெருமை என்று நான் கருதுவது அதைத்தான்.

லக்னோவில் சமையல்காரர்களுக்குள்ளேயே தரம் பிரித்திருந்தார்கள். அண்டா அண்டாவாகச் சமைப்பவர் பாவர்ச்சி. சின்னப் பாத்திரத்தில் நாலு பேருக்கு மட்டும் சமைப்பவர் ரகாப்தார். ரகாப்தார் அண்டாப் பக்கம் போவதையே தாழ்வாக நினைப்பார். அவர் கைவேலைக்கு ஓர் உதாரணம் போதும். பாதாமை அரிசி மணி அளவில் சீவி, பிஸ்தாவைப் பாசிப்பருப்பு போல நறுக்கி, கிச்சடி செய்வார்களாம். பார்த்தால் ஏழை வீட்டுக் கிச்சடி. உள்ளே ஒரு மணி அரிசி கிடையாது! வேடிக்கைதான். ஆனால் எனக்கு உளுந்துக்காரர்தான் ஒருபடி மேல். பாதாமைக் கொடுத்தால் ருசியாக்க எத்தனையோ பேர் உண்டு. உளுந்தை நம்பி 500 ரூபாய் கேட்க அவர் ஒருவர்தான்.

தம் பற்றியும் சொல்ல வேண்டும். 1784 பஞ்சத்தில் பெரிய இமாம்பாடா என்னும் ஷியா முஸ்லிம்களின் துக்க மண்டபத்தைக் கட்டிய வேலையாட்களுக்காக, பெரும் பாத்திரங்களின் வாயை மாவால் அடைத்து, கீழும் மேலும் தணல் வைத்துச் சமைத்ததில் பிறந்தது தம் என்று லக்னோவில் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அக்பர் காலத்து அரண்மனை உணவுகளிலேயே தம்புக்த் என்ற தம் சமையல் இருக்கிறது. லக்னோ அதற்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். மசாலா அடக்கம், தாழம்பூ நீரின் மணம், எலும்பைவிட்டு நழுவும் கறி எல்லாம் அதில் வந்தவை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். கபாபுக்கு இன்று நேரமில்லை. கொல்கத்தாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1856இல் ஆங்கிலேயர் அவத்தைப் பறித்ததும் அப்போதைய நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவின் மட்டியாபுருஜில் குடியேறினார். சமையல்காரர்களும் உடன் போனார்கள். அந்த ஊர் பிரியாணியில் உருளைக்கிழங்கு இருப்பதற்குக் காரணம், கறிக்குப் பணமில்லாத வறுமை என்பார்கள். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியம், சொந்தமாக ஒரு மிருகக்காட்சி சாலை! வறுமையாம்! உருளைக்கிழங்கு அன்று புதுப் பொருளாக இருந்ததால் ஆசைப்பட்டுச் சேர்த்திருப்பார்கள் என்பது என் கட்சி. அதற்குரிய காரணங்களை அடுக்க இன்னொரு நாள் அழைத்தால் வருகிறேன். வணக்கம்.