கரடியின் நேரமும் நம் நேரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேண்டாத நேரத்தில் வந்து நிற்பவரைச் 'சிவ பூஜையில் கரடி புகுந்தாற்போல' என்று சொல்வது நம் வழக்கம். சமவெளியில் அது பழமொழி. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ஊர்களில் அது நாளிதழ்ச் செய்தி. இரவில் கோயில் கதவைப் பெயர்த்துக்கொண்டு கரடி உள்ளே போகிறது. விளக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயை நக்குகிறது, எண்ணெய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் குடிக்கிறது, வந்த வழியே போய்விடுகிறது. உண்டியலை அது தொடுவதில்லை. சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, டீக்கடை, பேக்கரி என்று எங்கே எண்ணெயும் இனிப்பும் வாசம் வீசுகிறதோ அங்கெல்லாம் இந்தக் கதைதான்.

நான் நீலகிரியில் கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவன். விலங்கியல் படித்தவனல்லன், வனத்துறையில் இருந்தவனுமல்லன். கரடி நடமாடும் ஊரில் குடியிருக்கிறேன் என்ற ஒரே தகுதியை வைத்துத்தான் நிலையத்தார் பேச அழைத்திருக்கிறார்கள். அந்தத் தகுதியோடு நின்றே பேசுகிறேன்.

முதலில் எந்தக் கரடி என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நான்கு வகைக் கரடிகள் உண்டு. மற்ற மூன்றும் இமயமலையையும் வடகிழக்கையும் சேர்ந்தவை. தெற்கே இருப்பது ஒரே வகை: கறுத்த சடைமயிர், நெஞ்சில் வெளிறிய வளைவு, சாம்பல் பூத்த நீண்ட மூஞ்சி. இலங்கையிலும் நேபாளத்திலும் இருப்பது இதே இனம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். யானைக்கும் புலிக்கும் என்ன பாதுகாப்போ அதுவே இதற்கும்.

இதன் உடலே கறையானைத் தின்பதற்காக அமைந்தது. மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாகக் காற்றோடு கறையானை உறிஞ்சிக்கொள்ளும். மண் ஏறாதபடி மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். முன்கால் நகங்கள் நம் விரல் நீளம். புற்றை உடைத்து, மண்ணை ஊதித் தள்ளி, அது உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். நமக்குக் கேட்கும் அந்தச் சத்தம்தான் அதன் காதை அடைத்து வைத்திருக்கிறது. நாம் வருவது அதற்குத் தெரிவதில்லை. பார்வையும் மட்டு. மூக்கு மட்டும் மிகக் கூர்மை, ஆனால் காற்று அதன் பக்கமிருந்து நம் பக்கம் வீசினால் அந்த மூக்காலும் பயனில்லை. ஆகவே சில அடி தூரத்துக்கு நாம் நெருங்கும்வரை அது நம்மை அறியாமலே இருக்கக்கூடும். அறிந்துகொள்ளும் அந்த நொடிதான் பொல்லாதது.

சிறுத்தை மனிதனைக் கண்டால் பெரும்பாலும் நழுவிவிடுகிறது. கரடி மட்டும் ஏன் பாய்கிறது? புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் பிழைத்து வந்த விலங்கு இது. மரத்தில் ஏறித் தப்பலாம் என்றால் சிறுத்தையும் ஏறும். ஓடித் தப்பலாம் என்றால் புலி அதைவிட வேகமாக ஓடும். எதிர்த்து நின்று, உறுமி, மேலே விழுந்து, எதிரி திகைக்கும் நேரத்தில் தப்புவதே அதற்குக் கைவந்த வழி. குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டே மேய்கிறது. மற்றக் கரடிகளிடம் இந்த வழக்கம் இல்லை. முதுகில் இரண்டு குட்டியோடு நிற்கும் தாயிடம் நாம் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. அது நம்மைத் தின்ன வருவதில்லை என்பது உண்மைதான். தலையையும் முகத்தையும் கிழித்துவிட்டு ஓடிவிடுகிறது. கிழிபட்டவருக்கு அந்த உண்மையால் ஒரு ஆறுதலும் இல்லை. கோத்தகிரிப் பக்கம் உயிரிழந்தவர்களும் உண்டு.

'காட்டை அழித்தோம், அதனால் ஊருக்குள் வருகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. சோலையும் புல்வெளியுமாக இருந்த சரிவுகள் தேயிலையானது நெடுங்காலக் கதை. ஆனால் இன்று எங்கள் பக்கத்துக் கரடி காட்டிலிருந்து ஊருக்கு வந்துபோகும் விருந்தாளி அல்ல. தேயிலைக்குள்ளேயே குடியிருக்கிறது. அதற்கு நான் கண்ட காரணம் ஒன்றைச் சொல்கிறேன். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்தது. அதன்பின் கூலிக்கும் உரத்துக்கும் கட்டுப்படியாகாமல் பலர் தோட்டத்தைப் போட்டுவிட்டு, கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கவாத்து செய்யாமல் விட்டால் தேயிலை இடுப்பளவில் நிற்காது, மரமாகிவிடும். நடுவே உண்ணிச்செடியும் முள்ளும் ஏறும். பகலில் நிழலாகப் படுத்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் கரடிக்கு ஏது? பக்கத்திலேயே ஓடைத் தண்ணீர், ஊரைச் சுற்றிப் பலாவும் பேரியும், கூப்பிடு தூரத்தில் குப்பைத் தொட்டி. கொழுந்தின் விலையைப் பேசாமல் கரடியை மட்டும் பேசும் கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உண்ணிச்செடி என்றேன். அதன் பழத்தைக் கரடி விரும்பித் தின்கிறது. தின்ற விதையை எச்சத்தோடு ஊரெல்லாம் போடுகிறது. நாவலையும் கொன்றையையும் பரப்பிக் காட்டை வளர்க்கும் விலங்கு என்று கரடியைப் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். அந்நியக் களையான உண்ணியையும் அதே வயிறுதான் பரப்புகிறது. தான் படுக்கும் புதரைத் தானே நட்டுக்கொள்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கரடிக்கும் நமக்கும் நிலம் ஒன்றாகிவிட்டது. அதை வேலி போட்டுப் பிரிக்க இனி முடியாது. பிரித்துக்கொள்ள நம் கையில் இருப்பது நேரம் மட்டும்தான். சங்கப் பாடல்களில் கரடி வரும் இடங்களைப் பாருங்கள். நள்ளிரவில் புற்றைக் கிண்டுகிறது, இருப்பைப் பூவை, அதாவது நாம் சொல்லும் இலுப்பைப் பூவைத் தேடி வருகிறது. இரவில் அந்த மலைவழியே வரவேண்டாம் என்று தலைவனிடம் தோழி கவலைப்படுகிறாள். அந்தத் தோழியின் கணக்குதான் இன்றைக்கும் சரியான கணக்கு.

கரடியால் ஆட்கள் காயப்படும் இடங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பேரின் நேரமும் மோதும் இடமாக இருக்கும். சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் இலுப்பைப் பூ இரவில் உதிர்கிறது. விடியுமுன் அதைப் பொறுக்கப் பழங்குடி மக்கள் போகிறார்கள். அதே பூவுக்குக் கரடியும் அதே வேளையில் வருகிறது. இலங்கையின் வன்னிக் காட்டில் பாலைப்பழம் பழுத்தால் மரத்தின் மேலே கரடி, அடியில் பழம் பொறுக்க வந்த ஆள். எங்கள் ஊரில் இலுப்பையும் இல்லை, பாலையும் இல்லை. பனி மூடிய காலை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலை எட்டு மணிக்கும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இரவு மேய்ச்சலை முடித்துப் புதருக்குத் திரும்பும் கரடியும், கொழுந்து பறிக்க இறங்கும் பெண்களும் ஒரே வரிசையில் சந்திப்பது அப்போதுதான். இடுப்பளவுத் தேயிலைக்குள் கரடி குனிந்து நின்றால் முதுகுகூட வெளியே தெரியாது.

அதனால் எங்கள் பக்கத்தில் விவரம் தெரிந்த மேஸ்திரிகள் பனி விலகாமல் ஆட்களைத் தோட்டத்தில் இறக்குவதில்லை. இறக்கும் முன்பு தகரத்தைத் தட்டுகிறார்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரிசைக்குள் நுழையச் சொல்கிறார்கள். அமைதியாக வேலை செய்யும் ஆளே நல்ல வேலைக்காரர் என்று நினைக்கும் முதலாளிகள் இந்த ஒரு விஷயத்தில் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பறிக்கும் பெண்கள் ஊர்க்கதை பேசட்டும், பாட்டுப் பாடட்டும். நாம் வருகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் கரடி தானே விலகிப்போகும்.

எதிரே பார்த்துவிட்டால்? பின்னங்காலில் எழுந்து நின்றால் அடிக்கப் போகிறது என்று பதற வேண்டாம். பார்வை குறைந்த விலங்கு, எழுந்து நின்று மோப்பம் பிடிக்கிறது. முதுகைக் காட்டி ஓடாதீர்கள். மெல்லப் பேசிக்கொண்டே பின்னால் நகருங்கள், அதற்குப் போக வழி விடுங்கள். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளால் பின்கழுத்தை மூடிக்கொண்டு, முகத்தைத் தரையோடு வைத்துக்கொள்ளுங்கள். அது போகும்வரை அசையாதீர்கள். நாயை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நாய் கரடியைப் பார்த்துக் குரைத்துச் சீண்டும், கரடி திரும்பித் துரத்தினால் நேராக எஜமானிடமே ஓடிவரும். நாயைத் தேடிச் சிறுத்தை வருவது தனிக் கதை.

நேரத்துக்கு அடுத்தபடி வாசம். கோயில் விளக்குகளைப் பூஜை முடிந்ததும் துடைத்து வைத்து, எண்ணெயை வீட்டுக்கு எடுத்துப் போகும் ஊர்கள் இருக்கின்றன. தெய்வக் குற்றமாகிவிடும் என்று தயங்கிய பெரியவர்களும் உண்டு. கதவு மூன்றாவது முறை உடைந்தபின் தயக்கம் போய்விடும். சத்துணவுக் கூடத்தில் எண்ணெயையும் பருப்பையும் மரக்கதவுக்குப் பின்னால் வைப்பதற்குப் பதில் இரும்புக் கதவு போட்ட அறை வேண்டும். இது பெரிய திட்டமல்ல, தச்சரும் வெல்டரும் செய்யும் வேலை. சத்தீஸ்கரில் மகாசமுந்து மாவட்டத்தில் ஒரு சண்டி கோயிலில் கரடிகள் வந்து பிரசாதம் வாங்கித் தின்கின்றன. அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. பக்தி என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. மனிதன் கையில் தின்பண்டம் இருக்கும் என்று கற்றுக்கொண்ட கரடி, கையில் ஒன்றுமில்லாத மனிதனை என்ன செய்யும்?

கைப்பேசியில் படம் பிடிப்பவர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாலையில் இரண்டு குட்டியோடு தாய்க்கரடி கடந்தால் கார்கள் இருபுறமும் நின்றுவிடுகின்றன. விளக்கைப் போட்டு, ஒலிப்பானை அடித்து, அதைத் தேயிலைக்குள் விரட்டுகிறார்கள். வெருண்டு ஓடும் கரடி எந்த வரிசையில் போய் ஒளிகிறது என்று படம் எடுத்தவருக்குத் தெரியாது. அவர் அன்றிரவே மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவார். மறுநாள் காலை அந்த வரிசையில் கூடையோடு நிற்பவர் வேறொருவர்.

'கூண்டு வையுங்கள், பிடித்துக்கொண்டு போங்கள்' என்பதுதான் எல்லா மறியலிலும் கேட்கும் குரல். உயிரைப் பறித்த விலங்கை அதே இடத்தில் விட்டுவைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எண்ணெய் குடித்த ஒவ்வொரு கரடியையும் பிடித்து முதுமலையில் விட்டுவிட்டால் தொல்லை தீரும் என்பதை நான் ஏற்கவில்லை. முதுமலையைச் சுற்றியும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். இங்கே காலியான புதருக்கும் குப்பைத் தொட்டிக்கும் அடுத்த கரடி வந்து சேரும். கூண்டு கேட்கும் அதே மறியலில் வேறு சில விஷயங்களையும் கேட்கலாம் என்பது என் எண்ணம். கடைசி பஸ் ஊருக்குள் வராமல் மெயின்ரோட்டிலேயே ஆட்களை இறக்கிவிடுவதால் இருட்டில் நடப்பவர்கள் எத்தனை பேர்? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளில் கழிவறைக்குத் தண்ணீர் வராததால் விடியலுக்கு முன் புதரோரம் போக வேண்டிய பெண்கள் எத்தனை பேர்? எரியாத தெருவிளக்கு ஊருக்கு எத்தனை? கரடி தாக்கியது என்று நாம் படிக்கும் செய்திக்குள் இவையும் இருக்கின்றன, ஆனால் தலைப்பில் கரடி மட்டும்தான் இடம்பிடிக்கிறது. உள்ளாட்சிக்கு மனு எழுதுவோர் இந்த மூன்றையும் கூண்டுக்கு மேலே எழுதுங்கள். போட்டுவிட்டுப் போன தோட்டங்களில், வீட்டையும் பள்ளிப் பாதையையும் ஒட்டிய பகுதியையாவது ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிட உரிமையாளரைக் கேளுங்கள். முழுத் தோட்டத்தையும் வெட்டச் சொன்னால் அவர் செய்யமாட்டார்; பாதையோரம் என்றால் செய்வார்.

கடைசியாக, இப்போதைக்கு அவசரமான ஒன்று. குன்னூர்ச் சரிவிலும் கீழ்க்கோத்தகிரிப் பக்கமும் பலா முற்றிக்கொண்டிருக்கிறது. பழுத்த பிறகு இறக்கலாம் என்று காத்திருந்தால் வாசம் பிடித்துக் கரடி வரும். பர்லியாறு, கல்லாறு பக்கமென்றால் யானையும் சேர்ந்து வரும். வீட்டை ஒட்டிய மரத்தில் இருப்பதைக் காயாகவே இறக்கிவிடுங்கள். மரமேறத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துவிட்டார்கள், கூலியும் கூடிவிட்டது என்பது தெரியும். நாலு வீட்டார் சேர்ந்து ஒருவரை அழைத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். இறக்கியதைக் கறி சமைக்கலாம், மீதியைச் சந்தைக்கு அனுப்பலாம். சக்கையையும் கொட்டை உறையையும் மட்டும் வீட்டுப் பின்புறம் கொட்டிவிடாமல், குழி தோண்டி ஆழப் புதையுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.