விளைந்தும் பட்டினி: எலெனி கேப்ரெ-மதினின் பணி

அவையோருக்கு வணக்கம்.

பஞ்சம் என்றால் மழை பொய்த்தது, வயல் காய்ந்தது என்றே பேசிப் பழகியிருக்கிறோம். 2002இல் எத்தியோப்பியாவில் நடந்ததைக் கேளுங்கள். அதற்கு முந்தைய பருவங்களில் மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது. விலையோ அதலபாதாளத்துக்குப் போனது. அறுவடைக் கூலிக்கே கட்டாது என்று கதிரை வயலிலேயே விட்டுவிட்ட உழவர்கள் உண்டு. அடுத்து மழையும் தவறியது. 2003இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் நிவாரண உணவுக்குக் காத்து நின்றார்கள்.

இந்தக் கொடுமைக்கு விடை தேடியவர் வேளாண் பொருளாதார அறிஞர் எலெனி கேப்ரெ-மதின். அடிஸ் அபாபாவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டத்தைவிட, அதற்காக அவர் ஆராய்ந்த இடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது எத்தியோப்பியாவின் தானியச் சந்தை. தொலைவிலிருந்து லாரியில் வந்த மூட்டையை அவிழ்த்து, கண்ணால் பார்க்காமல் அங்கே அப்போது எவரும் வாங்குவதில்லை. தரத்துக்குப் பொது அளவுகோல் இல்லை. ஏமாற்றினால் தட்டிக் கேட்க வழியில்லை. ஆகவே தெரிந்த தரகரைத் தாண்டி வியாபாரி போக மாட்டார். ஓரிடத்தில் தானியம் குவிந்து கிடக்கும். இன்னோரிடத்தில் அடுப்பு எரியாது.

வாஷிங்டனில் ஆய்வாளராக நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் தாய்நாடு திரும்பினார். 2008 ஏப்ரலில் எத்தியோப்பியப் பண்டகச் சந்தை அவர் தலைமையில் திறக்கப்பட்டது. சரக்கைக் கிடங்கில் எடை போட்டு, தரம் பிரித்து, ரசீது கொடுப்பார்கள். கைமாறுவது அந்த ரசீதுதான். தொடக்க ஆண்டுகளில் கூவி விலை பேசி, உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டினால் பேரம் முடிந்தது. மறுநாளே பணம் வங்கிக் கணக்கில் ஏறும். சிற்றூர்களிலும் விலைப் பலகைகள் வைத்தார்கள். போனிலும் விலை கேட்கலாம். விற்பவருக்கு இதைவிட வேறென்ன பலம் வேண்டும்?

குறையையும் சொல்லத்தான் வேண்டும். காபி வணிகத்தைச் சட்டம் போட்டு இந்தச் சந்தைக்குள் கொண்டுவந்தபோது, வட்டாரமும் தரமும் மட்டுமே ரசீதில் நின்றன. எவர் தோட்டத்துக் காபி என்பது மறைந்துபோனது. உயர்ரகக் காபிக்குக் கூடுதல் விலை தருபவர்கள் எதிர்த்தார்கள். அது நியாயமான எதிர்ப்பு. 2012இல் எலெனி பொறுப்பிலிருந்து விலகினார்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பஞ்சத்தை மனத்தில் வைத்துக் கட்டிய சந்தையில் காபியும் எள்ளுமே பெருமளவில் விற்றன. மக்காச்சோளம் பெரும்பாலும் பழைய தரகர்களிடமே தங்கிவிட்டது. ஏற்றுமதிப் பயிருக்குக் கிடைத்த கிடங்கும் ரசீதும் உணவு தானியத்துக்கும் கிடைத்தாக வேண்டும். எலெனி தொடங்கிய வேலையில் மிச்சமிருப்பது அதுதான்.