மிஷேல் என்ன தப்பு செய்தான்?

நடுவர் ஐயாவுக்கும், இந்த வெயிலிலும் பிரான்சின் இந்தியப் பெருங்கடல் தீவான நம் ரியூனியனில், இந்தச் சேன்ட்-ஆந்த்ரே ஊர் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். ‘ரியூனியன் தமிழரின் கிறிஸ்தவப் பெயர்கள் சுமத்தப்பட்டவையா, சொந்தமானவையா?’ என்பது தலைப்பு. சொந்தம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா 1803ஆம் வருடச் சட்டத்தை எடுத்துப் போட்டார். புனிதர் திருநாட்கள் குறித்த நாட்காட்டியில் இருக்கும் பெயரோ பழைய வரலாற்று மனிதர்களின் பெயரோதான் பிள்ளைக்கு வைக்கலாம் என்று பிரான்ஸ் போட்ட சட்டம் அது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் வீட்டில் முருகன், பதிவேட்டில் மிஷேல் என்று இரண்டு பெயரோடு வளர்ந்தார்கள் என்றார். உண்மைதான். அந்த வலியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அக்கா, கட்டாயப்படுத்தியது சட்டம். மிஷேல் என்ன தப்பு செய்தான்?

மிஷேல் பிரெஞ்சுக்காரனே இல்லையே! எபிரேய மிக்காயேல் அவன், ‘கடவுளுக்கு நிகர் யார்?’ என்று அர்த்தம். ழான் என்கிற யோவானும் அப்படித்தான்: எபிரேயத்தில் யோகனான், ஆண்டவர் அருளினார். அந்த அருளை விடாமல் பிடித்து, நம் ஆட்கள் யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். ‘போல்’ என்கிற பவுல் என்றால் லத்தீனில் சிறியவன், நமக்குச் சின்னப்பர். எனக்கு ரொம்பப் பிடித்தது எத்தியேன், அதாவது ஸ்தேவான். டிசம்பர் 26 அவர் திருநாள், கல்லெறிபட்டுச் செத்த முதல் வேதசாட்சி, கிரேக்கத்தில் ஸ்தெபனோஸ், அதாவது தலையில் சூடும் முடி. பிரெஞ்சு வாயில் தேய்ந்து தேய்ந்து எத்தியேன் ஆனபோது முடி இருந்த சுவடே போய்விட்டது. தமிழில் முடியப்பர் என்று சொல்லிப் பாருங்கள், கேட்டவுடனே தெரிகிறது. மூலத்துக்குப் பக்கத்தில் நிற்பது யார், ஐயா? நாமா, அவர்களா?

சட்டம் எதுவும் மிரட்டாத இடத்துக்கும் வருகிறேன். குமரி மண்ணின் நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு வைத்த பெயர் லாசர், ‘கடவுள் உதவினார்’ என்று பொருள்படும் எலெயாசரிலிருந்து வந்தது, தமிழில் தேவசகாயம். அதற்காக அவர் பட்ட சித்திரவதை எவ்வளவு! விட்டுவிடு என்றார்கள், விடவில்லை, கடைசியில் சுட்டே கொன்றார்கள். 2022இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோதும் அவர் தேவசகாயம்தான். உயிர் போனாலும் விடாத பெயரைச் சுமத்தப்பட்டது என்பீர்களா?

சரி, இன்றைக்கு வருவோம். 1993இல் பிரான்சிலும் இங்கேயும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. பிள்ளைக்குக் கவிதா என்று வையுங்கள், இளங்கோ என்று வையுங்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் பிழைக்குமோ பிழைக்காதோ என்று ஆஸ்பத்திரியில் தவித்த குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ‘கடவுள் குணமாக்கினார்’ என்று அர்த்தம் தெரிந்தே ஒரு தாய் ரஃபாயேல் என்று கூப்பிட்டால், அதைச் சுமை என்று சொல்ல நாம் யார்? அர்த்தம் தெரியாமல், காதுக்கு நன்றாக இருக்கிறது என்று மட்டும் வைப்பதுதான் எனக்கு ஆகாது, அதைத் தமிழ்ப் பெயருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த ஊருக்கு நெடுநாள் மேயராக இருந்தவரின் பெயர் ழான்-போல் விராபுல்லே. யோவான் எபிரேயம், பவுல் லத்தீன், விராபுல்லே என்னும்போது வீரப்பிள்ளை காதில் விழுகிறது. இதில் எந்தத் துண்டை வெட்டச் சொல்கிறீர்கள், அக்கா? உங்கள் முறை வரும்போது அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.