பம்பு மாட்டுன வெள்ளரிக்காய்க்காக பேச வந்திருக்கேன்

நடுவர் ஐயாவுக்கும் போதகர் ஐயாவுக்கும் முன் வரிசைய மொத்தமா பிடிச்சு உக்காந்திருக்கிற சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

கிறிஸ்தவ சூப்பர்ஹீரோ கார்ட்டூன்கள் பிள்ளைங்க மனசுல விதைக்கிறது சண்டையா தியாகமா, இதான் தலைப்பு. தியாகம்னு பேச நிறைய எழுதி எடுத்துட்டு வந்தேன். ஆனா எதிரணி அண்ணன் போற போக்குல ஒண்ணு சொன்னாரு பாருங்க, "தலையில டாய்லெட் பம்பு மாட்டிக்கிட்டு சுத்துற வெள்ளரிக்காய் என்னங்க தியாகம் பண்ணப் போகுது, மிஞ்சிப்போனா தயிர் பச்சடியில விழும், அவ்ளோதான் அதோட தியாகம்"னு. நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சு கைதட்டுனீங்க. அந்தக் கைதட்டலுக்கு பதில் சொல்லாம நான் உக்கார மாட்டேன் நடுவர் ஐயா, எழுதிட்டு வந்தது பையிலயே கிடக்கட்டும்.

அண்ணன் சொன்ன அந்த வெள்ளரிக்காய் பேரு லாரிபாய். அமெரிக்காவுல பில் விஷர், மைக் நவ்ராக்கின்னு ரெண்டு பேரு சேந்து 1993-ல ஆரம்பிச்ச, காய்கறிங்களே பேசி நடிக்கிற வெஜ்ஜிடேல்ஸ் கார்ட்டூன்ல வர்ற லாரிங்கிற வெள்ளரிக்காய்தான் முகமூடி போட்டா லாரிபாய். டாய் ஸ்டோரிங்கிற கம்ப்யூட்டர் சினிமா வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, முழுக்க முழுக்க கம்ப்யூட்டர்ல செஞ்ச படம் இது. ஏன் காய்கறி? அப்ப இருந்த கம்ப்யூட்டர்ல கை கால் போட்டு அசைக்கிறது பெரும்பாடு, அதனால கை கால் இல்லாத ஒண்ணு வேணும். விஷர் முதல்ல வரைஞ்சது ஒரு மிட்டாய்க் கட்டி. அத பாத்துட்டு அவரு வீட்டம்மா, பிள்ளைங்க மிட்டாய் மேல ஆசைப்பட்டா அம்மாமாருங்க உங்கள சும்மா விடமாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. அப்பதான் மிட்டாய் வெள்ளரிக்காயா மாறுச்சு. இன்னொண்ணும் அண்ணனுக்கு தெரியணும், இயேசுவ ஒருநாளும் காய்கறியா காட்டக்கூடாதுன்னு கறாரா ஒரு விதி வச்சுக்கிட்டுதான் அவங்க வேலை செஞ்சாங்க. விளையாட்டா தெரியிற படத்துக்குள்ள அவ்ளோ பயபக்தி இருக்கு.

கை இல்லண்ணே அதுக்கு! குத்துறதுக்கு கை இல்லாத ஒரு ஹீரோவ வச்சு சண்டைய சொல்லித் தர்றாங்கன்னு எப்படிண்ணே சொல்ல மனசு வந்துச்சு? காதுல இருக்கிற ரப்பர் பம்பு சுவத்துல ஒட்டுறதுக்கு, மேல ஏறுறதுக்கு, அதுவும் பாதி நேரம் தப்பான இடத்துல ஒட்டிக்கும்!

சரி, 1997-ல வந்த கதைக்கு வர்றேன், பிள்ளைங்க பாத்திருப்பீங்க, பெரியவங்க கேளுங்க. ஜூனியர்னு ஒரு பொடியன். அப்பா பொக்கிஷமா வச்சிருந்த தட்ட விளையாட்டுல உடைச்சுப்புடுறான். உடைஞ்ச தட்டு கீழ கிடக்கு, வீட்ல யாரும் பாக்கல. அப்ப வானத்துல இருந்து வந்த ஒரு குட்டிப் பொய், விரலளவுக்கு நீல கலர்ல, ரொம்ப பாசமா பேசுது, சின்னதா ஒரு பொய்தானப்பா, யாருக்கு என்ன நஷ்டம்னு. பய தோழி லாரா மேல பழிய போடுறான். பொய் கொஞ்சம் வளருது. மாட்டிக்கிட்டானா, அத மறைக்க இன்னொண்ணு சொல்றான், அது இன்னும் வளருது. அடுத்தது வேற ஆளு மேல, அடுத்தது நம்பவே முடியாத ஒரு கதை. நேத்து பாக்கெட்ல அடங்குன பொய் இன்னைக்கு பில்டிங் ஒசரம், ஊரே அலறி ஓடுது, இவன தூக்கிக்கிட்டு தண்ணி டேங்க் மேல ஏறிருச்சு. எவன் அத பாசமா வளத்தானோ அவனையே தூக்கிக்கிட்டு! (முன் வரிசை சிரிக்குது பாருங்க, அதுங்களுக்கு எல்லாம் தெரியும்.)

இப்ப ஹீரோ வர்றாரு. அண்ணன் கணக்குப்படி என்ன நடக்கணும்? டமால் டுமீல், பொய் செத்துப்போச்சு, ஹீரோ வாழ்க. நடந்தது என்ன? லாரிபாய் மொத்த பலத்தையும் போட்டுப் பாக்குறாரு, ஒண்ணும் ஆகல. அவரோட உதவியாளர் ஆல்ஃப்ரட் கண்டுபிடிச்சு கத்துறாரு, உங்களால முடியாது சார், அந்தப் பையனால மட்டும்தான் முடியும்னு.

நடுவர் ஐயா, அந்த இடத்த யோசிங்க. ஊரே அண்ணாந்து பாக்குது, அப்பாவும் பாக்குறாரு. அந்த ஒசரத்துல தொங்கிக்கிட்டு, தட்ட உடைச்சது நான்தான், லாரா இல்லன்னு அந்தப் பொடியன் சொல்றான். சொல்ல சொல்ல பொய் சுருங்குது, சுருங்கி சுருங்கி இல்லாமலே போயிருது. அவன் எத குடுத்தான்? காசா, ரத்தமா? அப்பா தன்ன நல்லவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரே, அந்த நல்ல பேர குடுத்தான். அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட அதைவிட பெரிய சொத்து என்ன இருக்கு? ஒரு பொம்பளப்பிள்ள மேல விழுந்த பழிய எடுத்து தன் தலையில போட்டுக்கிட்டான். இது தியாகம் இல்லன்னா வேற எது தியாகம்?

1999-ல வந்த அடுத்த லாரிபாய் கதையும் இப்படித்தான், வதந்திக் களைச்செடி ஒண்ணு ஊரெல்லாம் படந்து, ஆல்ஃப்ரட் மனுஷன் இல்ல ரோபோன்னு பரப்பி விட்டுருது. ஹீரோவால அத பிடுங்க முடியல, பிள்ளைங்க வாயத் திறந்து ஆல்ஃப்ரட் பத்தி நல்லத பேசப் பேச அந்தச் செடியே பூ பூத்துருது.

பைபிள்மேன்னு இன்னொரு கிறிஸ்தவ சூப்பர்ஹீரோ, அவரு கையில பளபளன்னு வாள் வச்சிருக்காரேன்னு அண்ணன் கேட்டாரு. 1995-ல ஆளுங்கள வச்சு எடுத்து 2016-ல கார்ட்டூனா வந்த அந்த ஹீரோவோட டிரஸ்ஸே பைபிள்ல எபேசியர் நிருபம் 6-ம் அதிகாரத்துல இருந்து எடுத்ததுதான். கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீராங்கிற தலைக்கவசம், கடைசியா பட்டயம், அதான் வாள். ஆறுல அஞ்சு தன்ன காத்துக்கிறதுக்கு, ஒண்ணே ஒண்ணுதான் ஆயுதம், அதுவும் தேவ வசனம். இத எழுதுன பவுல் அப்ப எங்க இருந்தாரு, சங்கிலியில இருந்தாரு. அதே அதிகாரத்துல 20-ம் வசனத்துல அவரே சொல்றாரு. நம்பிக்கைக்காக விலங்கு மாட்டிக்கிட்ட மனுஷன் எழுதுன கவசத்த சண்டைக்கோழி டிரஸ்னு சொல்லிராதீங்கண்ணே, எனக்கு மனசு வலிக்குது.

பெல்லு மேல கை வைக்கிறாங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிர்றேன். நான் பாடம் எடுக்கிற விபிஎஸ்ல, அதான் விடுமுறை வேதாகமப் பள்ளியில, ஜூனியர் தட்ட உடைச்ச அந்தப் படத்த பிள்ளைங்களுக்கு போட்டோம். காலையிலயே மிஷனரி காணிக்கை மண் உண்டியல் உடைஞ்சு கிடந்துச்சு. பக்கத்துல விளக்கமாறும் கையுமா நின்னது வெளியில இருந்து புதுசா வந்த ஒரு பிள்ள. அவள ஒரு பெரியவங்க எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க. அது எதுத்து ஒரு வார்த்தை பேசல, சில்லறைய பொறுக்கி பொறுக்கி பாவாடை மடியில போட்டுக்கிட்டே இருந்துச்சு. படம் முடிஞ்சு சாப்பாட்டு வரிசை, மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன், வாய் ஓயாத பய, தட்டுல லெமன் சாதத்தோட அப்படியே என்கிட்ட வர்றான். கை நடுங்கி சாதம் சிந்துது. "அவ உடைக்கல டீச்சர், நான்தான் பந்து அடிச்சேன். அவ கூட்டத்தான் வந்தா." சரிப்பா, எங்கிட்ட சொல்லிட்டேல்ல, போய் சாப்பிடுன்னேன். போகல. "எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது டீச்சர், அவள எல்லார் முன்னாடியும்தான திட்டுனாங்க"ன்னான். மைக்குல போய் சொன்னான்யா அந்தப் பய! அவங்க அப்பா வெளிய வண்டிய வச்சுக்கிட்டு நிக்கிறாரு, ஸ்பீக்கர்ல கேக்குது, வீட்டுக்கு போனா என்ன கிடைக்கும்னு அவனுக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சேதான் சொன்னான். திட்டுன அந்தப் பெரியவங்க எந்திரிச்சு வந்து அந்தப் பிள்ளைய கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. சாயங்காலம் வரைக்கும் தன் பக்கத்துலயே உக்கார வச்சுக்கிட்டாங்க.

அவனுக்கு பிரசங்கம் பண்ணி வராத தைரியம் எங்கிருந்துண்ணே வந்துச்சு? நடுவர் ஐயா, தீர்ப்பு உங்க கையில. எதிரணி அண்ணனுக்கு வீட்ல பேரப்பிள்ளைங்க இருக்குன்னு எனக்கு தெரியும், அந்தப் படத்த அதுங்க கூட உக்காந்து முழுசா பாருங்கண்ணே, பாத்துட்டு அடுத்த பட்டிமன்றத்துல எங்க அணிக்கு வந்துருங்க, உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கோம். நன்றி, வணக்கம்.