சாரலைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை மனமுவந்து தந்த தலைமையாசிரியை அவர்களே, கேமராவும் கையுமாக வந்திருக்கும் தென்காசி வட்டாரத்து இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி கட்டிய தம்பிக்கும் என் நன்றி.

மூன்று செய்திகள் பேச வந்தேன். மாறிக்கொண்டே இருக்கும் வானிலையைப் படம் எடுப்பது எப்படி, அதைப் பற்றிப் பேச நமக்கு ஏன் இவ்வளவு ஆசை, மின்னலைப் பிடிப்பது எப்படி.

'அந்தி மழை அழுதாலும் விடாது' என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. பகலெல்லாம் காய்ந்த தரையின் சூட்டில் காற்று மேலெழும்பி, சாயங்காலம் இடிமேகமாகத் திரண்டு கொட்டுவதைப் பார்த்துச் சொன்னது. ஐப்பசி மழைக்குப் பொருந்தும். நம்முடைய ஆனி, ஆடிச் சாரல் வேறு ரகம். கேரளத்தில் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சம், தென்மேற்குக் காற்றோடு ஆரியங்காவு கணவாய் வழியாக இங்கே தூறலாக வருகிறது. கொஞ்ச நேரம் தூறும், வெயிலடிக்கும், மறுபடி தூறும்.

செங்கோட்டையில் ஒரு டீக்கடை வாசலில் கேமராவை நிறுத்தி வைத்திருந்தேன். அங்கிருந்து மேற்கே புளியரை, கிழக்கே இலஞ்சி. மலையை மறைத்துக்கொண்டு வெள்ளைத் திரை மாதிரி சாரல் இறங்குகிறது. பெஞ்சில் இருந்த பெரியவர், "தம்பி, பெட்டிய மூடுங்க. அது புளியரையோட நின்னுரும்" என்றார். வடை போட்டுக்கொண்டிருந்த அக்கா விடவில்லை: "காத்து இந்தப் பக்கம்லா அடிக்கு? இலஞ்சி வரைக்கும் போவும்." பேருந்துக்கு நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பேருந்து வந்தது, ஒருவரும் ஏறவில்லை! நடத்துநரும் இறங்கி வந்து, "புளியரையில வெயிலு சுள்ளுனு அடிக்கு" என்று சாட்சி சொன்னார். அதற்குள் சாரல் வந்தேவிட்டது. சாலையின் மேற்குப் பாதி நனைந்து, கிழக்குப் பாதி காய்ந்து கிடந்தது. பெரியவரும் ஜெயித்தார், அக்காவும் ஜெயித்தார்.

இதனால்தான் பேசுகிறோம். வானம் எல்லோருக்கும் பொது. முகம் தெரியாதவரிடமும் பேச்சைத் தொடங்கலாம், யாருக்கும் மனத்தாங்கல் வராது.

படம் எடுப்பதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கைப்பேசி கருமேகத்தைத் தானாகவே வெளிறடித்துவிடும். திரையில் மேகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். கறுப்பு கறுப்பாகவே விழும்.

சரி, நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். குற்றாலத்து அருவியை ஆயிரம் பேர் எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீர் சிற்றாற்றில் போய் எந்தக் குளத்தில் சேர்ந்தது, எந்தக் குளத்துக்கு வரவேயில்லை என்று யார் எடுக்கிறார்கள்? அந்தி மழை அழுதாலும் விடாது பெய்யட்டும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் குளத்துக்கு என்ன லாபம்? உங்கள் ஊர்க் குளத்து மதகில் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை பார்த்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நாளும் இடமும் அழிந்துவிடும், அதனால் ஆவணமாக அனுப்புங்கள். தூர் வாரச் சொல்லி மனுக் கொடுக்கும்போது அந்தத் தேதிதான் நமக்குச் சாட்சி.

மின்னலைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரையும் நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகும் குளத்தின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.